சின்னப் படகுக்கு எந்த ஏஐஎஸ்? கப்பல் பாதையில் வலை விடுகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

இரவில் வலையை விட்டுவிட்டு நீரோட்டத்தோடு கிடக்கும் ஃபைபர் படகுக்கு, கலங்கள் தம் இருப்பிடத்தை ரேடியோவில் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் ஏஐஎஸ் கருவி தேவையா, தேவையென்றால் எதை வாங்குவது என்று விசாரிக்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். விசாரிக்க வேண்டிய விஷயம்தான். 2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பத்துக்கு அப்பால் கப்பல் மோதி உடைந்த படகில் குமரி மாவட்டத்து மீனவர்கள் இருந்தார்கள். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு மேற்கே சரக்குக் கப்பலோடு மோதிய 'ரபா' என்ற படகில் தமிழ்நாட்டவரும் மேற்கு வங்கத்தவருமாக 14 பேர். உயிரோடு மீண்டவர்கள் 2 பேர். இரண்டுமே விசைப்படகுகள். ஃபைபர் படகு அவற்றைவிடத் தாழ்வாக, நீர்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும். கண்ணாடியிழை ரேடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. காற்று கொஞ்சம் கூடினாலே, கப்பலின் ரேடார் திரையில் அந்தப் படகு அலைகளுக்குள் காணாமல் போய்விடும்.

ஏஐஎஸ் வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு கப்பலும் தன் பெயர், அடையாள எண், இருக்கும் இடம், போகும் திசை, வேகம் எல்லாவற்றையும் விஎச்எஃப் என்ற குறுந்தூர ரேடியோவில் சில நொடிகளுக்கு ஒருமுறை தானாகவே சொல்லிக்கொண்டு போகிறது. அலைவரிசைகள் இரண்டு: 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ். சர்வதேசப் பயணம் போகும் 300 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்களும், பயணிகள் கப்பல்கள் எல்லாமும் 2004 முடிவதற்குள் இதைப் பொருத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதி வந்துவிட்டது. ஆகவே உங்கள் மேல் ஏறக்கூடிய பெரிய வணிகக் கப்பல் எதுவானாலும், தான் வருவதை அது முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் வருகிறது. அதைக் கேட்க உங்களிடம் ஒரு காது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இடத்தைப் பற்றிப் பேசிவிடலாம். ஏனென்றால் எல்லாக் கரைக்கும் ஒரே பதில் கிடையாது.

பாக் நீரிணையில் தொழில் செய்கிறவர்களுக்கு ஏஐஎஸ் முதல் தேவை இல்லை என்பது என் கருத்து. ஆதாம் பாலத் திட்டுகள் காரணமாகப் பெரிய சரக்குக் கப்பல்கள் அந்த வழியாக வருவதே இல்லை. இலங்கையைச் சுற்றிக்கொண்டு தெற்கே போய்விடுகின்றன. ராமேசுவரம், ஜெகதாப்பட்டினம் பக்கத்து ஆபத்து எல்லைக்கோடு சம்பந்தப்பட்டது. போர்க்கப்பல்களும் ரோந்துப் படகுகளும் ஏஐஎஸ் ஒலிபரப்ப வேண்டிய கட்டாயம் இல்லாதவை. அங்கே நல்ல ஜிபிஎஸ்ஸுக்கும் எல்லை அலாரத்துக்கும் போடும் பணம்தான் பயன்படும்.

குமரிக் கரையின் கதை நேர்மாறானது. கொழும்பிலிருந்து கொச்சி, மும்பை பக்கம் போகும் கப்பல்கள் குமரி முனையைச் சுற்றித்தான் வடக்கே திரும்புகின்றன. ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் நடுவே ஓடும் பெரிய தடம் இன்னும் கொஞ்சம் தெற்கே. அந்தத் தடத்திலிருந்து பத்து கடல் மைல் அளவில் இருக்கும் விழிஞ்ஞம் துறைமுகத்தில் 2024 டிசம்பரில் வணிகச் செயல்பாடு தொடங்கியது. தேங்காய்ப்பட்டணம், குளச்சல், தூத்தூர் பக்கம் இருந்து போகிறவர்களுக்குக் கப்பல் நடமாட்டம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி பகுதியில் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்கள், உள்ளே வருவது, வெளியே போவது என்று வேறு மாதிரி நெரிசல். தூத்துக்குடியிலும் அப்படித்தான். இந்த இடங்களில் இரவில் கிடக்கிறவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

செல்போன் ஆப் போதாதா?

போதாது. மரைன்டிராஃபிக், வெசல்ஃபைண்டர் போன்ற ஆப்களில் கப்பல்கள் நகர்வதைப் பார்த்துவிட்டு, இதுவே போதும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அந்தப் படங்கள் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். கரையில் யாரோ வைத்திருக்கும் ஏஐஎஸ் ரிசீவர் கேட்டு, இணையத்தில் ஏற்றி, அங்கிருந்து உங்கள் போனுக்கு வருகிறது. அந்தப் பகுதிக் கரையில் ரிசீவர் இல்லையென்றால் கப்பல் படத்தில் இருக்காது. இருந்தாலும் சில நிமிடம் பழைய இடத்தைக் காட்டலாம். மணிக்கு 18 கடல் மைல் (18 நாட்) வேகத்தில் வரும் கப்பல் பத்து நிமிடத்தில் 3 கடல் மைல் கடந்துவிடும். அதற்கும் மேலே, கரையை விட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் சிக்னலே தடுமாறும். வீட்டில் இருக்கிறவர்கள் துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வருகிறது என்று பார்க்க நல்ல ஆப். கடலில் மோதல் தவிர்க்க அதை நம்பக் கூடாது.

அரசு கொடுக்கும் டிரான்ஸ்பாண்டர் ஏஐஎஸ் அல்ல

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இஸ்ரோ உருவாக்கிய 'நப்மித்ரா' போன்ற செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டரை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கி வைக்கப்பட்டது. நல்ல கருவி. செல்போன் சிக்னல் எட்டாத ஆழ்கடலில் இருந்து கரைக்குச் செய்தி அனுப்பலாம், கரையிலிருந்து புயல் எச்சரிக்கை வரும், ஆபத்து என்றால் பொத்தானை அழுத்தலாம். ஆனால் அது பேசுவது செயற்கைக்கோளோடு. உங்களை நோக்கி வரும் கப்பலின் மாலுமி மேடையில் அதனால் எதுவும் தெரியாது. அந்தக் கப்பலும் உங்கள் திரையில் தெரியாது. "டிரான்ஸ்பாண்டர் மாட்டியாச்சு, இனிமேல் கப்பல்காரனுக்கு நம்மைத் தெரியும்" என்று நினைத்துக்கொண்டு விளக்கைக்கூட அணைத்துவிட்டுத் தூங்கினால் விபரீதம். இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

சரி, இனி வாங்கக்கூடியவற்றுக்கு வருவோம்.

கேட்க மட்டும் செய்யும் கருவி

இதில் மலிவானது, கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் செய்து பார்க்கும் வழி. ரேடியோவைக் கேட்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற யுஎஸ்பி குச்சி, கையளவுக் கம்ப்யூட்டரான ஒரு ராஸ்பெர்ரி பை, ஏஐஎஸ்-கேட்சர் என்ற இலவச மென்பொருள், படம் காட்ட ஓபன்சிபிஎன் என்ற கடல் வரைபட மென்பொருள். குச்சி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரே குச்சி இரண்டு அலைவரிசையையும் சேர்த்தே கேட்கும். கரையில், வீட்டு மாடியில் வைத்துப் பழகுவதற்கு இதைவிட நல்லது இல்லை. ஊர்ச் சங்கக் கட்டடத்தில் ஒன்று வைத்தால் கடலோரத்துக்கே பயன்படும். ஆனால் திறந்த ஃபைபர் படகில் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உப்புத் தண்ணீர், குலுக்கல், பேட்டரி வோல்ட் ஏறி இறங்குவது, மெமரி கார்டு கெட்டுப்போவது என்று பழுதாக நாலைந்து வழி இருக்கிறது. பழுதானால் இருட்டில் சரிபார்க்கவும் முடியாது.

அதற்கு மேலே, இதற்கென்றே செய்த சின்னப் பெட்டிகள் இருக்கின்றன. வெக்மாட் நிறுவனத்தின் டெய்சி, குவார்க்-எலெக்கின் வைஃபை ரிசீவர் போன்றவை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவு, வரி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேல் வரும். மின்சாரம் மிகக் குறைவாகவே எடுக்கும். விளக்குக்கு வைத்திருக்கும் 12 வோல்ட் பேட்டரியும் ஒரு சின்ன சோலார் பலகையும் தாராளம். வைஃபை உள்ள பெட்டி கப்பல் விவரங்களைப் போனுக்கு அனுப்பும். இதற்கு இணையம் வேண்டாம், சிம் கார்டு வேண்டாம்.

வாங்கும்போது ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: இரண்டு அலைவரிசையையும் ஒரே நேரத்தில் கேட்குமா, மாறி மாறிக் கேட்குமா? பழைய மலிவு ரிசீவர்கள் மாறி மாறித்தான் கேட்கும். கப்பல்கள் இரண்டிலும் மாற்றி மாற்றி ஒலிபரப்புவதால், பாதிச் செய்தி காதில் விழாமல் போகும். பெரிய கப்பல் ஓட்டத்தில் இருக்கும்போது 2 முதல் 10 நொடிக்கு ஒருமுறை சொல்வதால் பாதி போனாலும் சமாளிக்கலாம். சிறு படகிலிருந்து ஒலிபரப்பும் 'கிளாஸ் பி' வகைக் கருவி 30 நொடிக்கு ஒருமுறைதான் சொல்லும், நின்றுகொண்டிருந்தால் 3 நிமிடத்துக்கு ஒருமுறை. அதில் பாதி போனால் விசைப்படகு எங்கே இருக்கிறது என்பது குழப்பமாகிவிடும். இன்னொன்று, கப்பலின் பெயர் 6 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். அதனால் முதலில் 9 இலக்க எண் மட்டும் தெரிந்து, பெயர் பிறகு வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த எண் 419 என்று தொடங்கினால் இந்தியக் கலம், 417 இலங்கை.

இந்தப் பெட்டிகளின் பலவீனம் போன்தான். ஈரக் கையால் தொட்டால் திரை கேட்காது. எஞ்சின் சத்தத்தில் போனின் அலாரம் காதில் விழாது. தனியாக ஒரு பஸ்ஸர் ஒலிக்க வழி இல்லாத ஏற்பாட்டை, தூங்கும் நேரத்துக்கு நம்ப முடியாது. படகில் ஏற்கெனவே மேப் காட்டும் பிளாட்டர் இருந்தால், அது ஏஐஎஸ் செய்தியை உள்வாங்குமா என்று அதன் கையேட்டில் பாருங்கள். உள்வாங்கும் என்றால் போனே வேண்டாம். கம்பி இணைப்பில் ஏஐஎஸ் செய்தி போகும் வேகம் (பாட் ரேட்) 38,400 என்றும், ஜிபிஎஸ்ஸின் வழக்கமான வேகம் 4,800 என்றும் இருக்கும். பிளாட்டரில் அந்த அமைப்பை மாற்றாமல் விட்டதால் "ரிசீவர் வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு.

வயர்லெஸ் செட்டுக்குள்ளேயே ஏஐஎஸ்

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும், ஒலிபரப்பும் வசதிக்குப் பணம் போதாது என்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஸ்டாண்டர்ட் ஹொரைசனின் ஜிஎக்ஸ்2400, ஐகாமின் எம்510-இல் ஏஐஎஸ் உள்ள வகை போன்றவை 25 வாட் விஎச்எஃப் வயர்லெஸ் செட்டுகள். ஜிபிஎஸ்ஸும் இரட்டை ஏஐஎஸ் ரிசீவரும் உள்ளேயே இருக்கும். தண்ணீர் புகாத உடம்பு. மோதும் அபாயம் என்றால் அதன் ஸ்பீக்கரே கத்தும். விலை முப்பதாயிரத்துக்கு மேல் போகும். கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும்போது அரை ஆம்பியர் அளவில் மின்சாரம் எடுக்கும். ஒரு இரவுக்குப் பேட்டரியில் 6 ஆம்பியர்-மணி ஒதுக்கினால் போதும்.

இதன் உண்மையான மதிப்பு பெயரில் இருக்கிறது. வலை விரித்துக் கிடக்கிறீர்கள், கப்பல் நேரே வருகிறது. எல்லாக் கலங்களும் கேட்டுக்கொண்டிருக்கும் பொதுச் சேனல் 16-இல் "வெள்ளைக் கப்பல், வெள்ளைக் கப்பல்" என்று எவ்வளவு கூப்பிட்டாலும் பதில் வராது. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. அதே கப்பலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மாலுமி திரும்பிப் பார்ப்பார். இந்தச் செட்டுகளில் திரையில் உள்ள கப்பலைத் தேர்ந்தெடுத்து அழைப்புப் பொத்தானை அழுத்தினால், அந்த ஒரு கப்பலின் செட்டில் மட்டும் மணி அடிக்கும். "ஃபிஷிங் போட் அஹெட் ஆஃப் யூ, நெட்ஸ் இன் வாட்டர்" என்று சொல்லப் பழகி வைத்தால் போதும். பெட்டி ரிசீவரும் போனும் கப்பல் வருவதைக் காட்டும். இது கூப்பிடவும் செய்யும். விலை வித்தியாசத்துக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இதற்கு உரிமமும், எம்எம்எஸ்ஐ என்ற அந்த 9 இலக்க அடையாள எண்ணும் வேண்டும். கேட்க மட்டும் செய்யும் பெட்டி எதையும் ஒலிபரப்பாததால் அதற்கு அந்த எண் தேவைப்படாது.

ஒலிபரப்பும் கருவி: கிளாஸ் பி

கேட்பது மட்டும் போதுமா, நம்மையும் காட்ட வேண்டாமா? நியாயமான கேள்வி. கிளாஸ் பி டிரான்ஸ்பாண்டர் இரண்டையும் செய்யும். ஆன்வா, மாட்சுடெக் போன்ற கிழக்காசியத் தயாரிப்புகளில் மேப் பிளாட்டர், ஜிபிஎஸ், கிளாஸ் பி மூன்றும் ஒரே பெட்டியில் வருகின்றன. தனியாக மூன்று வாங்குவதைவிட மலிவு. இந்தியாவில் 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கு ஏஐஎஸ் கட்டாயம் என்ற ஏற்பாடு 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு வந்தது. அதற்குக் கீழே உள்ள படகுக்கு இது உங்கள் விருப்பம்.

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை. பெரிய கப்பலின் கிளாஸ் ஏ 12.5 வாட்டில் ஒலிபரப்புகிறது. சாதாரண கிளாஸ் பி 2 வாட். அலைவரிசையில் காலி இடம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால்தான் பேசும். துறைமுக நெரிசலில் தன் முறையைத் தவறவிடலாம். புதிதாக வந்திருக்கும் இன்னொரு வகைக் கிளாஸ் பி 5 வாட்டில், தன் இடத்தை முன்பதிவு செய்துகொண்டு பேசுகிறது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் தாங்கும் என்றால் 5 வாட் வகையே மேல். அப்புறம், கப்பலின் திரையில் கிளாஸ் பி கலங்களை மங்கலாக்கி வைக்கும் வசதி இருக்கிறது. நூற்றுக்கணக்கான மீன்பிடிப் படகுகள் நடுவே போகும் மாலுமி அலாரத் தொல்லை தாங்காமல் அப்படி வைத்திருக்கலாம். ஆகவே உங்கள் படகு ஒலிபரப்புகிறது என்பதும், எதிரே வரும் மாலுமி பார்த்துவிட்டார் என்பதும் ஒன்றல்ல. வேலையில் இருக்கும் மீன்பிடிக் கலத்துக்கு இயந்திரக் கப்பல் வழிவிட வேண்டும் என்பது சர்வதேச விதிதான். ஆனால் அந்த விதி உங்களைக் காப்பாற்ற, முதலில் அவர் உங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

இதனால்தான் கேட்கும் கருவியை நான் முதலில் வைக்கிறேன். விலகிப் போக முடிகிறவர் நீங்கள். பெரிய கப்பல் நிற்க ஒரு மைலுக்கு மேல் ஆகும். அதன் முகப்புக்கு முன்னால் 500 மீட்டர் வரை மேடையிலிருந்து கடல் மறைந்திருக்க விதியே அனுமதிக்கிறது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. செவுள் வலையோ ஆயிரம் தூண்டிலோ நீளமாகக் கிடந்து, சட்டென்று வெட்டிவிட்டு நகர முடியாத தொழில் என்றால், கப்பல்தான் விலக வேண்டியிருக்கும். 12 கடல் மைலுக்கு வெளியே இரவு முழுவதும் அப்படிக் கிடக்கிறவர்கள் கடன் வாங்கியாவது கிளாஸ் பி வாங்கலாம். கூடவே, கப்பலின் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் ஒரு ரேடார் பிரதிபலிப்பானும். அது விலை குறைவு, மின்சாரம் வேண்டாம்.

எம்எம்எஸ்ஐ எண்ணை முறையாக வாங்கியே பதிய வேண்டும். பெரும்பாலான கருவிகள் அதை ஒருமுறைதான் ஏற்கும். தவறாகப் போட்டால் கடையில் கொடுத்துத்தான் மாற்ற முடியும். பழைய படகோடு வரும் கருவியில் யாருடைய எண் இருக்கிறது என்று பார்க்காமல் ஓட்டினால், ஆபத்து நேரத்தில் கடலோரக் காவல்படை வேறொரு படகைத் தேடும்.

ஆன்டெனாவுக்கு ஒதுக்கும் பணம்

பெட்டிக்கு எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டு ஆன்டெனாவில் மிச்சம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. விஎச்எஃப் ஏறக்குறைய கண்ணுக்கு எட்டும் தூரம்தான் போகும். ஒரு கணக்கு: இரு பக்க ஆன்டெனா உயரங்களின் வர்க்கமூலத்தை மீட்டரில் எடுத்துக் கூட்டி 2.2 ஆல் பெருக்கினால் கடல் மைலில் தூரம். உங்கள் ஆன்டெனா 4 மீட்டர், கப்பலுடையது 36 மீட்டர் என்றால் 2-ம் 6-ம் சேர்ந்து 8. தூரம் 17 மைலுக்கு மேல். ஒரு மீட்டரில் வைத்தாலும் 15 மைல் வரும், ஏனென்றால் தூரத்தைக் கொடுப்பது கப்பலின் உயரம். ஆனால் இன்னொரு ஃபைபர் படகை, 2 வாட் கிளாஸ் பி-யைக் கேட்க உங்கள் உயரம்தான் வேண்டும். அங்கே கணக்கில் 9 மைல் வந்தாலும் நடைமுறையில் அதில் பாதி கிடைத்தால் நல்லது.

உருளும் சின்னப் படகுக்கு, அலையைக் குவிக்கும் அளவு 3 டெசிபெல் உள்ள ஆன்டெனா போதும். 6 டெசிபெல் என்று பெரிதாக வாங்கினால் அதன் கதிர் தட்டையாக இருக்கும். படகு சாயும்போது பாதி நேரம் வானத்தையும் பாதி நேரம் தண்ணீரையும் பார்க்கும். வயர் நீளமாக ஓடினால் மெல்லிய ஆர்ஜி-58 வேண்டாம், தடித்த ஆர்ஜி-213 போடுங்கள். இணைப்பில் உப்புத் தண்ணீர் ஏறாமல் சுற்றிக் கட்டுங்கள்.

அப்புறம் எல்இடி விளக்கு. மலிவு எல்இடி விளக்குகளின் மின்சுற்று விஎச்எஃப் ரேடியோவையும் ஏஐஎஸ்ஸையும் செவிடாக்கும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் எச்சரிக்கையே வெளியிட்டது. சோதிப்பது சுலபம். வயர்லெஸ்ஸை யாரும் பேசாத சேனலில் வைத்து, இரைச்சல் நிற்கும் அளவுக்கு ஸ்குவெல்ச்சைத் திருப்புங்கள். பிறகு விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்பி வந்தால் அந்த விளக்குதான் குற்றவாளி. ஆன்டெனாவிலிருந்து தள்ளி வைக்கவோ மாற்றவோ வேண்டும்.

அலாரத்தை எப்படி வைப்பது

கப்பல் உங்களுக்கு எவ்வளவு நெருக்கமாக வரப்போகிறது, இன்னும் எத்தனை நிமிடத்தில் என்ற இரண்டையும் கருவி கணக்கிடும். திறந்த கடலில் 1 மைல், 30 நிமிடம் என்று வைத்துத் தொடங்குங்கள். கரைக்கு அருகே இதே அளவு வைத்தால் ஓயாமல் கத்தும், எரிச்சலில் யாராவது அணைத்துவிடுவார்கள். உள்ளே வரும்போது அரை மைல், 10 நிமிடம் என்று குறைத்துக்கொள்ளலாம். வெளியே போகும்போது திரும்பக் கூட்டும் வேலையை ஒருவருக்கு ஒப்படைத்துவிடுங்கள். 970 அல்லது 972 என்று தொடங்கும் எண் திரையில் வந்தால் அது கப்பல் அல்ல. 970 உயிர்காப்பு மிதவையின் அபாயக் குறி, 972 கடலில் விழுந்த ஆளின் உடுப்பில் உள்ள குறி. உடனே 16-இல் சொல்லுங்கள். செல்போன் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554.

நாலைந்து வள்ளங்கள் சேர்ந்தே போய், ஒன்றுக்கொன்று கண்ணுக்கெட்டும் தூரத்தில் வலை விடும் ஊர்களில் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். எல்லாப் படகிலும் கேட்கும் பெட்டியோ ஏஐஎஸ் வயர்லெஸ்ஸோ இருக்கட்டும். கப்பல் பாதைப் பக்கம், கடைசியாக வெளியே கிடக்கும் படகில் 5 வாட் கிளாஸ் பி ஒன்றைச் சேர்ந்து வாங்கி வைக்கலாம். கருவியும் எம்எம்எஸ்ஐ எண்ணும் அந்தப் படகோடு பதிவானவை என்பதால் முறை மாற்றிக் கழற்றிக் கொடுக்க முடியாது; ஆகவே யார் வெளியே கிடப்பது என்பதைத்தான் முதலில் பேசி முடிவு செய்ய வேண்டும்.